சப்பரத்துக்கு வெளியே

அன்புள்ள ரெமேதியோஸுக்கு, செவில்யாவிலிருந்து காஸ்தோ எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் கழுதை சுகமா? கழுதைக்கு முன்னால் உன்னைத்தான் விசாரித்திருக்கிறேன், அதைக் கவனி.

இந்தப் பெரிய வியாழன் எனக்கு ஓய்வு. துறைமுகத்துச் சுமைக்காரர்கள் இனி மாதா சப்பரம் தூக்க வேண்டாமாம். திருவிழா நடத்தும் மாதா சபைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே பக்தியாகத் தூக்குவார்களாம். "நீங்கள்லாம் கூலிக்குத் தூக்கினவங்கதானே, காஸ்தோ. ஓரமா நின்னு கும்பிடுங்க" என்றார் மேஸ்திரி. பதினான்கு வருடமாக என் பிடரி காய்த்ததும் கூலிக்குத்தான் போலிருக்கிறது.

இந்த ஊர்ச் சந்துகளும் ஆற்றுப்பாலத்து ஏற்றமும் என் காலுக்குத்தான் தெரியும். சப்பரத்துக்கு அடியில், சுற்றித் தொங்கும் திரைக்குள் பிடரியில் சுமந்து குனிந்தே நடந்தவன், மாதாவின் முகத்தைத் தெருவில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. உன்னைவிட அழகு, கோபிக்காதே. சப்பரத்தைத் தூக்கச் சொல்லி மேஸ்திரி சுத்தியலைத் தட்டினார். கூட்டத்துக்கு நடுவே நானும் என்னை அறியாமல் குனிந்து, வெறும் காற்றுக்குப் பிடரியைக் கொடுத்து எழுந்தேன்.

"என்ன பெரியவரே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

"ஆமாப்பா" என்றேன்.

காய்ந்த அத்திப்பழம் கொஞ்சம் அனுப்பு. இங்கே விற்பது வாய்க்குப் பிடிக்கவில்லை. பிடரிக்கு நீ தைத்துத் தந்த சும்மாட்டை இத்துடன் அனுப்புகிறேன். கழுதையின் முதுகுக்குப் போடு. கூலிக்கா பக்திக்கா என்று அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கப்பல் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் காஸ்தோ