கேள்வி கேட்காத ஆன்டிவைரஸ்

ஞாயிறு இரவு, பெரம்பலூர்.

தா.பழூர் போய் அப்பாவின் கம்ப்யூட்டரில் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன். பதற்றம் இன்னும் அடங்கவில்லை.

எதைப் போடுவது என்று ஒரு வாரமாக யோசித்தேன். திரையில் எது வந்து கேட்டாலும் அப்பா ‘சரி’யை அமுக்கிவிடுவார். “கேக்குறாங்கல்ல, வேணாம்னா நல்லாவா இருக்கும்?” என்பார். அதனால் அவரிடம் எதையும் கேட்காமல் தானாகவே தடுக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் சோதனையிலேயே சிவப்பாக ஒன்று வந்தது. எங்கோ இருக்கும் ஆள் இந்தக் கம்ப்யூட்டரை இயக்குவதற்கான புரோகிராம். அது நான் போட்டதல்ல.

“மவுஸ் அம்பு தானா நகருமாப்பா?”

“அப்பப்ப நகரும். நீதான் அங்கேருந்து சரி பண்றன்னு பேசாம உக்காந்திருப்பேன்.”

போன தீபாவளிக்கு ஒரே ஒரு தடவை, வேறொரு புரோகிராம் வழியாக, நான் அப்படிச் சரிசெய்ததோடு சரி.

“ஒருநா, சாப்டியாம்மான்னு டைப் பண்ணிக்கூடக் கேட்டேன்” என்றார்.

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சே. சாப்டேன்ப்பா, நீங்க போய்ப் படுங்கன்னு போட்டிருந்தியே.”

இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு பஸ் ஏறினேன். அது நானில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.