அழிக்கும் முன் ஒரு கேள்வி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

இந்தக் கிடங்கே இப்போது என் கையில்தான். சரக்கு பதிகிற கம்ப்யூட்டர் திரையைப் புதுசாக மாற்றினார்கள். எனக்கு இந்த நாட்டு எழுத்து தெரியாது. பதிய மூன்றாவது பொத்தான் என்று விரல்தான் பழகியிருந்தது. புதுத் திரையில் அந்த இடத்தில் அழிக்கிற பொத்தான். ஒரே அழுத்தில் நாற்பது லாரிச் சரக்கு, சரி, நாற்பது பெட்டி, பதிவிலேயே இல்லை! வேலையை விட்டே அனுப்புவதாக மேலாளர் குதித்தார். பதறாதே.

திரையைச் செய்த பெண் தமிழ்ப் பிள்ளை. "தப்பு அங்கிள் மேல இல்ல சார், பொத்தான அங்க வெச்ச என் மேலதான்" என்று குறுக்கே நின்றாள். அழிந்ததையும் மீட்டுக் கொடுத்தாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

பிறகு, "தமிழ்லயே போட்டுடலாம், நீங்க வார்த்தை சொல்லுங்க அங்கிள்" என்றாள். இந்த மென்பொருளை யாரும் திருத்தலாமாம், திருத்தியதை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாமாம். இனி உலகத்தில் எந்தக் கிடங்கில் தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் என் பேச்சுதான்! நீதான் என்னைப் பேசவே விடமாட்டாய்.

ஊசியும் கறுப்பு நூலும் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்பு.

அழிக்கும் முன் திரை என்ன கேட்கவேண்டும் என்றாள். நான் கிளம்பிய அன்று நீ சொன்னதைக் கொடுத்தேன்: "இன்னொரு தடவ யோசிச்சுக்கோங்க." தினமும் சும்மாவே இரண்டு முறை அந்த அழிக்கிற பொத்தானை அழுத்தி, அதைப் படித்துவிட்டு, 'வேண்டாம்' என்று திரும்பிவிடுகிறேன்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்