ஆத்தூர்த் தெருவில் நான் வெட்டிய மூன்று நிமிடம்

உன் கேமராவில் கண் வைக்கும் ரப்பரில் இன்னும் தேங்காயெண்ணெய் வாடை அடிக்கிறது. தலை வழிய எண்ணெய் வைத்துக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்குப் படமெடுக்க வருவாய். கேட்டால் வெயில் என்பாய். இன்று காலை எடிட்டிங் மேசையில் அதை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனேன். வாடை ஏறியதும் கீழே வைத்துவிட்டேன். வீடியோ எப்போது வரும் என்று உன் அண்ணன் துபாயிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார். உன் சாவு வீட்டு வீடியோவைத்தான் கேட்கிறார்.

அந்த மார்கழியை நினைத்துக்கொண்டேன். கல்யாணம் கிடையாது, நம் ஸ்டுடியோவில் இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். நீ ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தை எங்கிருந்தோ பென் டிரைவில் கொண்டுவந்தாய். கறுப்பு வெள்ளை. வீட்டுக்கும் ஆகாமல் பள்ளிக்கூடத்துக்கும் ஆகாமல் போன ஒரு பையன், கடைசியில் அடைத்து வைத்த இடத்திலிருந்து தப்பிக் கடலைப் பார்க்க ஓடுகிறான். ஓடுகிறான், ஓடுகிறான், ஷாட்டில் வெட்டே இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. கடலைப் பார்க்கவா இந்த ஓட்டம், நமக்குத் தெருக்கோடியிலேயே கிடக்கிறதே என்றேன்.

நீ சிரிக்கவில்லை. படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாய். கேமரா அவன் முகத்துக்குக் கிட்டே போகவில்லை, முன்னால் போய் மறிக்கவும் இல்லை, அவன் வேகத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது என்று காட்டினாய். உலகத்தில் அவனோடு இருப்பது அது ஒன்றுதான் என்றாய். முடிவில் கடல் வந்துவிடுகிறது. ஓட இடமில்லாமல் திரும்பி நம்மைப் பார்க்கிறான், படம் அப்படியே நின்றுவிடுகிறது.

"அழுகையக் காட்டணும்னா மூஞ்சிக்குக் கிட்ட போவாதலே. கூடயே நட," என்றாய்.

எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

பிறகுதான் அந்த ஆத்தூர்ச் சாவு வீடு வந்தது. கொடிக்காலில் வெற்றிலை பயிரிடுகிற ஒருவர் இறந்துபோனார். வளைகுடாவிலிருந்த மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவனுக்காக எடுக்கப் போனோம். நம் பக்கத்துச் சாவு வீடியோவின் லட்சணம் உனக்குத் தெரியாததா? யார் யார் மாலை போட்டார்கள் என்பது ஒன்று விடாமல் இருக்கவேண்டும். ஒரு சம்பந்தி மாலை விட்டுப்போனாலும் வம்பு வீடு தேடி வரும். பாடை கிளம்பியதும் எதிரே நின்று எடுக்க நான் வழக்கம்போல முன்னால் ஓடினேன். நீ பின்தங்கிவிட்டாய்.

பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக்கூடாது. அந்தத் தெரு நீளத்துக்கும் அவருடைய மகள் வெறுங்காலோடு பின்னால் போயிருக்கிறாள், நீ அவள் பக்கத்திலேயே நடந்திருக்கிறாய். முனையில் பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்த, அவள் திரும்பி உன் லென்ஸைப் பார்க்கிறாள். மூன்று நிமிடம், ஒரே ஷாட்.

நான் அதை வெட்டினேன். மாலைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. மறுநாள் கல்யாணத்துக்கு டிஸ்க் காலியாக வேண்டுமென்று மூலத்தையும் அழித்தேன். ஒரு வாரம் கழித்து அந்த மகன் போனில் கேட்டான், தங்கச்சியை எங்கேயுமே காணோமே, அவள் எப்படி இருந்தாள் என்று. அந்தப் போனை எடுத்தது நீ.

"நீ வெட்டுனது படத்த இல்லலே. அந்தப் புள்ளைய," என்றாய்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஆத்தூர்ச் சாவு வீட்டுக்கு எதுக்குலே பிரெஞ்சுப் படம்?" என்று கேட்டேன். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாய். இரண்டு வருஷம், ஒரே டீக்கடை, நீ அந்தப் பெஞ்சு, நான் இந்தப் பெஞ்சு. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று திமிராக இருந்தேன். உன் நெஞ்சுவலி என்னைக் கேட்டுக்கொண்டா வந்தது?

நீ போன அன்று முத்தையாபுரத்தில் உன் வீட்டு வாசலில் உன் மனைவி இந்தக் கேமராவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இதுலயே எடுங்கண்ணே. அவிய வேற யாரையும் தொட விட்டதில்ல." அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

மாலைகளை ஒன்று விடாமல் எடுத்தேன். உன்னைத் தூக்கியதும் பழக்கதோஷத்தில் கால் முன்னால் ஓடப் பார்த்தது. அப்போது உன் மகள் கண்ணில் பட்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண், அழவில்லை, உன்னைப் பார்த்தபடியே வந்துகொண்டிருந்தாள். நான் நின்று, அவள் பக்கத்துக்குப் போய், கூடவே நடந்தேன். நடையில் படம் ஆடியது, வெட்டவில்லை. முனையில் அத்தைமார் அவளைப் பிடித்தார்கள். திரும்பி நேராக லென்ஸைப் பார்த்தாள். நீ அந்தப் பார்வையைத் தாங்கியிருப்பாய். நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன்.

ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துபோயிருக்கிறேன். இன்று காலைதான் பார்த்தேன். முனையிலிருந்து நான் அவளோடு வீடு திரும்பும் வரைக்கும் ஓடியிருக்கிறது. தரையும், அவள் வெறுங்காலும், என் செருப்பும்தான் தெரிகின்றன. பாதி வழியில் அவள் குரல் கேட்கிறது.

"மாமா, அப்பா கூட ஏன் பேசாம இருந்திய?"

அப்புறம் என் குரல்.

"தப்பு எம்மேலதாம்மா."

உன்னிடம் சொல்லவேண்டியதை உன் கேமராவிடம் சொல்லியிருக்கிறேன். ஆடுகிற இடம் இருந்தால் எடுத்துவிடுங்கள், மாலை இருந்தால் போதும் என்கிறார் உன் அண்ணன். மாலை எல்லாம் இருக்கிறது. இதுவும் இருக்கும். வெட்டாமல் அனுப்புகிறேன்லே.