பச்சைக் காரை யாரிடம் கேட்டு விற்பது?

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன எட்டு மாதத்தில் உங்களிடம் சொல்ல எத்தனையோ சேர்ந்துவிட்டது. ஆனால் இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் வாயில் வராது. உங்கள் பச்சைக் காரை நான் புகைய வைத்துவிட்டேன். பதறாதீர்கள், இப்போது ஓடுகிறது. யார் ஓட வைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் உங்கள் சீமை வண்டிகள் இரண்டும் நின்றன. ஒன்று நீங்கள் கடைசிக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய புதுசு. புதுக்கோட்டை வெயிலில் சீட்டைச் சூடாக்க ஒரு பட்டன் வைத்த வண்டி. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால், திருச்சிக்குக் கொண்டுபோய் லேப்டாப்பை மாட்டித்தான் காரணம் கேட்க வேண்டும். அதை உங்கள் மகன் மெய்யப்பன் பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டான். தூசி படாமல் வைத்திருக்கிறான், அதில் அப்படியே உங்கள் புத்தி.

மற்றது பச்சைக் கார். மலையில் ஏதோ எஸ்டேட் ஷெட்டில் கோழி அடைந்து கிடந்ததை லாரியில் ஏற்றி வந்தீர்களே. வால்நட் மரத்து டேஷ்போர்டு, தோல் சீட்டின் வாசனை, திரும்பும்போது கதவோரத்திலிருந்து குட்டிக் கையை நீட்டுகிற இண்டிகேட்டர். திருமயம் ரோட்டில் நீங்கள் அதில் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். நான் மஸ்கட்டிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அதைக் கிழட்டு வண்டி என்று கிண்டல் செய்தேன். பொறாமைதான் அண்ணே, இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன?

கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் ஆள் மூலம் விசாரித்தார். "ஓட்ட ஆளில்ல சித்தப்பா, நின்ன எடத்துலயே துருப்பிடிச்சிரும்" என்று மெய்யப்பன் போனில் சொன்னான். எனக்கும் நியாயமாகப் பட்டது. நாங்கள் இருவரும் பேசி முடித்து, அவரை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டோம். உங்கள் மனைவியிடம், என் அண்ணமிண்டியிடம், தகவலாகத்தான் சொன்னேன். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வருகிறவருக்கு இன்ஜினை ஓட விட்டுக் காட்ட வேண்டுமே. பேட்டரி செத்துக் கிடந்தது. புதுக்கோட்டையில் புதுசு வாங்கி வந்து, செவ்வாய்க்கிழமை காலையில் நானே மாட்டினேன். மஸ்கட்டில் இருநூறு வண்டிகளை மேய்த்த சூப்பர்வைசர் இல்லையா? மைனஸ் வயர் பாடிக்கு, பிளஸ் வயர் உள்ளே. உலகத்தில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான். கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். நான் அதை விரித்து, சுத்தியலால் தட்டி உட்கார வைத்தேன்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டதும், நீங்களே கொட்டகைக்குள் நிற்பது போலிருந்தது. கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடு நின்றதில், பானட்டுக்குள் பேட்டரிக்குச் சார்ஜ் போவதைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கறுப்புப் பெட்டி புகைவதை நான் பார்க்கவே இல்லை.

வாசனை பிடித்து ஓடி வந்தது அண்ணமிண்டிதான். சாவியைத் திருகி அணைத்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளாம்பைப் பிடுங்கி எறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்:

"இந்த வண்டிக்கு பிளஸ்தான் பாடிக்குப் போகும், தம்பி. அந்தக் காலத்து சீமை வண்டி அப்புடித்தான். ஒங்க அண்ணன் சொல்லலையா?"

நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வந்திருப்பீர்கள், நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். அதில் அதே மாதிரி கறுப்புப் பெட்டி ஒன்று, நீங்கள் எப்போதோ வாங்கி வைத்தது. என் ஸ்பேனர்கள் எதுவும் அந்த போல்ட்டுகளுக்குப் பிடிக்கவில்லை. என்னுடையது மில்லிமீட்டர், அந்த போல்ட்டெல்லாம் இஞ்சுக் கணக்காம். அண்ணமிண்டி உங்கள் ஸ்பேனர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார், எடுத்ததெல்லாம் சரியாகப் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முக்காலி போட்டு உட்கார்ந்து உங்களுக்கு எடுத்துக் கொடுத்த கை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நான் முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். நீங்கள் என்ன நினைத்தீர்கள் அண்ணே?

புதன்கிழமை மதியத்துக்குள் கார் சரியாகிவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, வேலையை அவரே செய்தார். அவர் பிடிக்கச் சொன்னதை நான் பிடித்தேன். நடுவில் ஒரு தடவை, முழங்கையில் கிரீஸோடு, என்னைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். நல்ல மனிதர். காரைச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறினார். விலையிலும் பேரம் பேசவில்லை. மெய்யப்பன் வீடியோ காலில் இருந்தான். எல்லாம் முடிந்து, சாவியை வாங்கிக் கொடுக்க அண்ணமிண்டியிடம் கையை நீட்டினேன். அவர் சாவியைத் தந்துவிட்டார். ஆனால் விரல் விடுபட ஒரு கணம் தாமதித்தது. அப்போதுதான், அண்ணே, எனக்கு உறைத்தது. இந்த வண்டி விஷயத்தில் இந்த மனுஷியை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாவியை என் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். "அண்ணமிண்டி, ஒங்களுக்கு என்ன வேணும்?"

அவர் காரின் பானட்டில் கையை வைத்தார்.

"எனக்கு இந்த வண்டி வேணும், தம்பி. பாத்துக்கிட்டு இருக்க இல்ல. நான் ஓட்டணும்."

போனில் மெய்யப்பன் அதைக் கேட்டுவிட்டான். "ஏன் ஆத்தா இத்தன நாளாச் சொல்லல?" என்றான். "யாரும் கேக்கலப்பா" என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. வந்தவர் ஒன்றும் மனத்தாங்கல் கொள்ளவில்லை. காபியைக் குடித்துவிட்டு, கார் நல்ல கையில்தான் இருக்கிறது என்று சொல்லிக் கும்பிட்டுப் போனார். அவரை வெறுங்கையோடு அனுப்பியதில் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததும் கேளுங்கள். அண்ணமிண்டி புதுக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். வருஷம் திரும்பவில்லை, அதற்குள் இது தேவையா என்று நம் பங்காளி வீட்டில் ஒருவர் வாய்விட்டே கேட்டார். நானும் வாய்விட்டே பதில் சொன்னேன். அதை இங்கே எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள். முதல் தடவை தேர்வில் தவறிவிட்டது, ரிவர்ஸில் கம்பத்தை இடித்துவிட்டார். இரண்டாம் தடவை லைசென்ஸ் வந்துவிட்டது. குடும்பங்களைப் புள்ளியாக எண்ணுகிற நம் கோயில் கணக்கில், நீங்கள் போனதும் அவரை அரைப்புள்ளி என்று எழுதிவிட்டார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தானே முழுப்புள்ளி. பச்சைக் காரின் ஆர்.சி.யில் இப்போது அவர் பெயர் முழுசாக இருக்கிறது. உமையாள் என்று அதில் படித்தபோதுதான், அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டே நான் கேட்டதில்லை என்று தோன்றியது.

இந்த விருப்பம் அவருக்கு எப்போது வந்திருக்கும்? முதல் ஞாயிற்றுக்கிழமையா, பத்து வருஷம் கழித்தா? ஒரு தடவையாவது உங்களிடம் வாய்வரை வந்திருக்குமா? அவரிடம் நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்கள்மேல் கோபமும் இல்லை, நானும் அதே வீட்டில்தானே சாப்பிட்டேன்.

உங்கள் வருஷத் திதி முடிந்ததும், கொடும்பாளூர் மூவர் கோயில் வரை ஓட்டிப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். என்னையும் கூப்பிட்டார். பக்கத்து சீட்டில் போகிறேன் அண்ணே. கியரைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ வாய் திறக்க மாட்டேன். எந்த வழியாகப் போகலாம் என்று அவரிடம் கேட்பேன். எங்கே நிறுத்தலாம் என்று கேட்பேன். உங்களுக்கும் சேர்த்து நானே கேட்பேன். இது சத்தியம்.

உங்களைத் தவிர யாரிடமும் தப்பை ஒப்புக்கொண்டு பழகாத,
உங்கள் தம்பி,
சுப்பையா