கம்பி கழன்றும் ஓடிய எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

இந்த நொடியில் உலகில் எத்தனை பேர் இணையத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தை விடுதிக் கணினியில் தினமும் பார்ப்பேன். எண் ஒன்று கூடினால், நம் ஊர் ஸ்மோலியனில் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். நேற்று அறைத்தோழி ராதோஸ்தினாவின் கால் பட்டு இணையக் கம்பி கழன்றது. எண் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. கம்பி இல்லாமல் அது எப்படி அப்பாவை எண்ணும் என்று அவளிடம் கேட்டேன்.

"அது யாரையும் எண்ணலடி. பழைய கணக்க வெச்சு அதுவா கூட்டிக்கிட்டே போகுது. இதுலயா உங்கப்பாவத் தேடுன, மக்கு?" என்று அவள் சிரித்தாள்.

இத்தனை நாள் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா?

கவலைப்படாதீர்கள், அழவில்லை. கம்பளிக் காலுறையும், ரொட்டியில் தடவ நம் வீட்டு லூதெனிட்சா ஒரு குப்பியும் அனுப்புங்கள். இணையத்துக்கு வந்தால் 'வந்தேன்' என்று ஒரு சொல் எனக்குப் போடுங்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
வெசெலா