முட்டைக்கண்ணி கொண்டுவந்த பனங்கிழங்கு

புதுமடம்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, சென்னைப் பட்டணத்தில் இருக்கும் என் அருமை மகன் சதக்குக்கு உம்மா ரம்ஜான் பீவி சலாம் சொல்லி எழுதுவது. நானும் வாப்பாவும் அவன் கருணையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, தைலம் தேய்க்கப் போனால் கத்துகிறார், தேய்க்காவிட்டாலும் கத்துகிறார். உன் தங்கை நஸீராவின் பிள்ளை தவழ்கிறான், நேற்று வாப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கடித்துவிட்டான். நீ ஓட்டல் ஊறுகாயைத் தொடாதே, உன் வயிற்றுக்கு ஆகாது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மாமா மகள் சல்மாவை அப்படி நினைத்ததே இல்லை, திடீரென்று ஏன் இந்தக் கல்யாணப் பேச்சு என்று கேட்டிருக்கிறாய். போஸ்ட்மாஸ்டர் மகள் நாகலெட்சுமியைத் தவிர யாரையும் மனசு ஏற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளை கல்யாணமாகித் திருச்சிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது மகனே, உச்சிப்புளிப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அவள் உன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நான் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது. ஏன் கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வருஷமாக நீ பத்திரிகையில் போடுகிற பிள்ளைகள் படக்கதையை வாராவாரம் அனுப்புகிறாய். எனக்குத் தெரிந்தது மதரஸாவில் படித்த, தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத் தமிழ் ஒன்றுதான், இதையும் அதில்தான் எழுதுகிறேன், நீயும் எனக்கு அதில்தான் எழுதுகிறாய், பத்திரிகை எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். படத்தை நான் பார்த்துக்கொள்வேன், வாய்க்குப் பக்கத்தில் வட்டம் போட்டு நீ எழுதுவதை என் தம்பி முஹைதீன் மகள் சல்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். முட்டைக்கண்ணி என்று ஒரு பிள்ளை, பனங்கிழங்கு அவித்துத் தினமும் சின்னானுக்குக் கொண்டுவருவாள். அவன் வாங்கி, ரிப்பன் கட்டிய பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுப்பான், அது வாங்கி ஆட்டுக்குப் போடும். வட்டத்துக்குள் நீ எழுதியது ஒன்று, எனக்கு வாசித்தது வேறு. நீ கொடுத்தது ருசியா இருக்கு, உன் கூட்டாளிக்கும் பாதி கொடுத்துட்டு வாரேன் என்று சின்னான் சொல்வதாகத்தான் சல்மா வாசித்தாள். நான் சிரித்துச் சிரித்துக் கேட்டேன். சின்ன வயசில் சல்மாவை முட்டைக்கண்ணி என்று கூப்பிட்டவன் நீதானே, அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்த கிழங்கைத் தின்றவனும் நீதானே. நம் வீட்டு ஆண்பிள்ளைகள் சம்மதம் என்று வாயால் சொல்கிற வழக்கம் எப்போது இருந்தது. உன் வாப்பா கொழும்பிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு சிப்பம் மாசிக்கருவாடு அனுப்பினார், அதுதான் சம்மதம். என் மகன் பத்திரிகையில் படம் போட்டுச் சொல்கிறான் என்று நம்பிவிட்டேன். தம்பியிடம் போய், சதக்குக்கு மனசு இருக்கு, கொஞ்சம் பொறு என்று நானே சொன்னேன். அவன் கீழக்கரையிலிருந்து வந்த சம்பந்தத்தைத் திருப்பினான், பெரியபட்டினத்துச் சம்பந்தத்தையும் திருப்பினான். சல்மாவுக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது.

போன மாசம் அவளுக்குக் காய்ச்சல், எதிர்வீட்டு ஹமீதா பானுவை வாசிக்கச் சொன்னேன். உன் முட்டைக்கண்ணைப் பார்த்தாலே எனக்குப் பசி போய்விடுகிறது, நீ போ, கிழங்கை மட்டும் வைத்துவிட்டுப் போ என்று சின்னான் சொல்கிறானாம். ஹமீதா பானு விழுந்து விழுந்து சிரித்தாள். பழைய பத்திரிகைகளை எல்லாம் எடுத்து வாசிக்கச் சொன்னேன், எல்லாம் அப்படித்தான். பொழுது சாய்வதற்குள் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சல்மா மறைக்கவில்லை. மொத நாளு வெக்கமாப் போச்சு மாமி, அதான் மாத்தி வாசிச்சேன், நீங்க அம்புட்டு சந்தோசப்பட்டீக, பொறவு என்னால நிறுத்த ஏலலை என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், எனக்கும் கேக்க நல்லா இருந்துச்சு மாமி என்றும் சொன்னாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதிக் கேட்டேன். முட்டைக்கண்ணி யாரும் இல்லை, சிரிப்புக்காகச் சும்மா போட்ட பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். யாரை வரைகிறோம் என்றே தெரியாமல் இரண்டு வருஷம் வரைந்திருக்கிறாய், அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. இந்தப் பதிலை நான் அவளிடம் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரு வாரமாவது அந்தச் சின்னானைக் கிழங்கைத் தின்ன வைக்கச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். வேணாம் மாமி, அவன் தின்னுட்டா சனம் எதுக்குச் சிரிக்கும், மச்சானுக்கு வேலை போயிரும் என்றாள். ஆகவே நீ போடுகிறபடியே போடு.

தம்பி இப்போது என்னோடு பேசுவதில்லை. ஏர்வாடியில் ஒருவர், மனைவி மவுத்தாகி மூன்று வருஷம், மூத்த பிள்ளை சல்மா தோள் உயரம் இருக்கிறது, அவருக்கே முடித்துவிட்டான். வேறு யாரும் வரவில்லை. ஷவ்வால் மாசம் பிறை பத்தில் நிக்காஹ். நீ வர வேண்டாம், சாமான் எதுவும் வாங்கி அனுப்பவும் வேண்டாம், நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

உனக்கு நீண்ட ஆயுளையும் மனசுக்கு ஆறுதலையும் அல்லாஹ் தரட்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. ஒன்று மட்டும் நினைவில் வை, பத்திரிகையை இனி எனக்கு அனுப்பாதே. ஹமீதா பானு வாரம் தவறாமல் வாசித்துக் காட்டுகிறேன் என்கிறாள். அவள் உள்ளதை உள்ளபடி வாசிப்பாள், என்னால் கேட்க முடியாது.

உன் நலம் நாடும் உம்மா,
ரம்ஜான் பீவி