ஏழாவது கேள்விக்கு நூற்றுப் பன்னிரண்டு பதில்கள்

சென்னை,
3 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுடர்விழி எழுதுவது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்தால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்கிறார். எனக்கு உங்கள் பதில்தான் வேண்டும்.

நம்மூர் ஆற்றைச் சுத்தம் செய்யத் திட்டம் வந்திருக்கிறது. சாக்கடையை மறித்து, ஆகாயத்தாமரையை வாரி, கரையில் நடைபாதை போடப் போகிறார்கள். சுத்தமானால் பொழுதுபோக்க எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பார்ப்பது நான்தான். கடைத்தெருப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் போகிறார்கள். நம் கீழத்தெருவுக்கு வெளியாள் வந்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் கேட்டால் சொல்வார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு படிவம். பார்சலில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் வந்தால் போதும்.

நடவு நேரம் என்று தெரியும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? திட்டுவதானால் படிவத்தின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்,
சுடர்விழி


கீழத்தெரு,
திருக்காட்டுப்பள்ளி வழி,
26 ஜூலை 2025

அன்புச் சுடருக்கு,

அண்ணி வேம்பு எழுதுவது. நாங்கள் நலம். உன் அண்ணனுக்கு மட்டும் ஸ்பீக்கர் விஷயத்தில் கொஞ்சம் மனவருத்தம். கடிதத்தைப் படித்துக் காட்டியது என் தப்பு.

நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. நாற்று நட்ட கையோடு பேனாவைப் பிடித்ததில் நாலைந்து தாளில் சேறு பட்டிருக்கும், பொறுத்துக்கொள்.

ஏழாவது கேள்விதான் பெரிய கூத்து. ஆற்றுக்கு வருவது வீட்டுத் தேவைக்கா, பொழுதுபோக்குக்கா? தையல்நாயகி அக்காவைக் கீழப் படித்துறையில் வைத்துக் கேட்டேன். நடவு முடித்து வந்து கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். “துணி துவைக்கன்னு எழுதுடி. சும்மா உக்காந்திருக்கேன்னு எழுதினா எங்க வீட்டு ஆளு என்ன கேப்பாரு?” என்றாள். அவளிடம் துவைக்க ஒரு துணி கிடையாது. மற்றவர்களும் இப்படித்தான், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டு வீட்டுத் தேவை என்றே சொன்னார்கள். நானும் எல்லாவற்றிலும் அதையே டிக் அடித்துவிட்டேன். பொழுதுபோக்கு என்று போட்டால் நம் தெருப் பெண்களுக்கு வேலை வெட்டி இல்லை என்று படிக்கிறவன் நினைப்பான். உன் ஆபீசில் நம் மானம் போகக் கூடாது.

சுத்தமானால் இன்னும் அதிகமாக வருவீர்களா என்று அடுத்த கேள்வி. தினமும்தான் வருகிறோம், இதற்கு மேல் எப்படி வருவது என்றார்கள். அதற்கு ‘இல்லை’ போட்டிருக்கிறேன்.

சாக்கடை கலக்கிற இடத்துக்குக் கீழேதான் நம் படித்துறை இருக்கிறது. குளித்துவிட்டு வந்தால் அரிப்பு தாங்கவில்லை. அதை மட்டும் மறித்துக் கொடு, உனக்குத் தெருமுனையில் கட்அவுட் வைக்கிறோம்.

உன் அண்ணி,
வேம்பு


சென்னை,
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அறிக்கை கொடுத்தாயிற்று. கடைத்தெருப் பக்கம் சுத்தமானால் வருவோம் என்று சொன்னவர்கள் இப்போது வருகிறவர்களைப் போல மூன்று மடங்கு. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழத்தெருவுக்கு ஆறு வீட்டுத் தேவைக்கு மட்டும்தான் என்று படிவத்தில் இருப்பதால், தெருவிலேயே குழாயும் குளியலறைகளும் கட்டித் தருகிறார்கள். அதன் பிறகு கீழப் படித்துறை தேவைப்படாது என்று அதைப் படகுத் துறையாக்குகிறார்கள். சுற்றிலும் வேலி வரும், உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். வீட்டு வாசலில் தண்ணீர் வருவது நல்லதுதானே அண்ணி? எனக்கு என்னவோ எழுதும்போது கை ஓடவில்லை.

அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சுடர்விழி


கீழத்தெரு,
20 செப்டம்பர் 2025

சுடருக்கு,

சாக்கடையை மறிப்பதாகத்தான் சொன்னாய். எங்களை மறிக்கப் போவதாகச் சொல்லவில்லையே.

குழாய் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? குளியலறைக்குள் முப்பது பேர் சேர்ந்து உட்கார முடியுமா? காலையில் சோறாக்கிவிட்டு வயலுக்குப் போகிறோம். வந்தால் மாடு, மாமியார், பிள்ளை, மறுபடி அடுப்பு. நடுவில் அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் எங்களைக் கூப்பிடாமல் இருப்பது. அதைத்தான் வேலி போட்டு எடுக்கிறார்கள். இருபது வருஷமாக ஆற்றில் குப்பை கொட்டிய கடைத்தெருக்காரர்கள் இனிமேல் வந்து படகு விடுவார்களாம்.

நான் டிக் அடித்தது பொய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அந்தப் படித்துறையில் வளர்ந்தவள். லீவுக்கு வந்தால் உன்னைத் தண்ணீரிலிருந்து கரையேற்ற நான் கம்போடு வர வேண்டியிருக்கும். நூற்றுப் பன்னிரண்டு தாளிலும் ஒரே பதிலைப் பார்த்தபோது உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? போதாததற்கு அதே பார்சலில் நடந்ததை எழுதியும் அனுப்பினேன். படித்தாய்தானே?

வேம்பு


சென்னை,
4 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணி,

படித்தேன். சிரித்தேன்கூட. உங்கள் கடிதத்தைப் பக்கத்து சீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். படிவங்கள் தப்பு என்று அப்போதே தெரியும். சொன்னால் கீழத்தெரு முழுவதும் மறுபடி எடுக்க வேண்டும், தேதி தள்ளிப் போகும். இந்த அறிக்கையை முடித்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். பதில் எல்லாம் ஒரே மாதிரி தெளிவாக இருக்கிறது என்று மேலாளர் பாராட்டினார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. நவம்பர் 18 அன்று கடைத்தெருக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே நேரில் சொல்வதைப் பதிவு செய்தாக வேண்டும். பெண்கள் எழுந்து, நாங்கள் சந்தோஷத்துக்காகவும் வருகிறோம் என்று சொன்னால் படித்துறையை விட்டுவிட வாய்ப்பு உண்டு. உங்களைத் தனியாக விட மாட்டேன். நானும் வருகிறேன். கணக்கு தப்பு, தெரிந்தே கொடுத்தேன் என்று முதலில் நான் எழுந்து சொல்கிறேன். வேலை போனால் போகட்டும்.

உங்கள் சுடர்


கீழத்தெரு,
24 நவம்பர் 2025

சுடருக்கு,

காய்ச்சல் என்று உன் அண்ணனுக்கு மெசேஜ் போட்டிருந்தாய். இப்போது தேவலையா?

கூட்டம் நடந்தது. இருபது பேர் போயிருந்தோம். உனக்காக நாற்காலி பிடித்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான்தான் எழுந்தேன். “சார், நாங்க துவைக்க மட்டும் வரல. வயல்ல குனிஞ்ச இடுப்போட வந்து தண்ணியில கெடக்க வர்றோம். அது எங்களுக்குச் சந்தோசம்” என்றேன். பின்னால் ஆண்கள் சிரித்தார்கள்.

அதிகாரி படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார். “இது யார் எழுதினதும்மா?”

“நான்தான் சார்.”

“அப்ப இதுல பொய்யா எழுதினீங்களா?”

ஆமாம் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. வேறு யாராவது இதே கருத்தைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. தையல்நாயகி அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மீது எனக்குக் கோபமில்லை. அவள் உட்கார்ந்துகொண்டு செய்ததை நான் பேனாவால் செய்தேன். ஒருவர் ஆட்சேபம் என்று எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

ஊர் நடுவில் நின்று இதைப் பேச வேண்டுமா என்று உன் அண்ணன் ஆறு நாளாக என்னோடு பேசவில்லை.

தை பிறந்ததும் வேலி போடுகிறார்களாம். கூட்டத்துக்கு மறுநாள் களையெடுத்துவிட்டு எல்லோரும் படித்துறைக்கு வந்தார்கள். தையல்நாயகி அக்கா என்னைத் திருப்பி உட்காரவைத்து முதுகு தேய்த்துவிட்டாள். இருட்டும் வரை இருந்தோம். இப்போது மழையிலும் போகிறோம்.

பொங்கலுக்கு நீ வராதே. வந்தால் உனக்குப் பிடித்ததைச் சமைப்பேன், இலை போட்டுப் பரிமாறுவேன், சிரித்துப் பேசுவேன். எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகக் கூடாது சுடர். மனசாரச் சிரித்துப் பேச என்னால் எப்போது முடியும் என்று தெரியவில்லை. முடிந்தால் நானே எழுதுகிறேன்.

வேம்பு